பங்சார் மேட்டிலிருந்து கிள்ளான் வரை: கருத்த பெண்பிள்ளைகளின் பள்ளிக்கூட வழி

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கின் வகுப்பறைகளில் ‘கருப்பு’ என்று சுட்டப்பட்ட சிறுமி நூறாண்டுக்கு மேலாகத் தமிழ்ச் சிறுமிதான். அண்மைக் காலத்தில் சோமாலியாவிலிருந்து அடைக்கலம் தேடி வந்த குடும்பங்களின் பெண்பிள்ளைகளும் அவளோடு சேர்ந்திருக்கிறார்கள். இவர்களுடைய பள்ளிக்கூட வரலாற்றுக்குரிய இடங்களில் பல ஒரே தடத்தில் அமைந்திருக்கின்றன. கோலாலம்பூரின் பங்சார் மேட்டில் தொடங்கிச் சரிவில் இறங்கினால் பிரிக்பீல்ட்ஸ். அங்கே கொம்யூட்டர் ரயில் ஏறினால் கிள்ளான். அரை நாளில் முடிந்துவிடும் பயணம். தமிழ்ப் பிள்ளைகளின் குடும்பங்களுக்கு இதே தடத்தைக் கடக்க மூன்று நான்கு தலைமுறை ஆகியிருக்கிறது.

பங்சார் எல்.ஆர்.டி. நிலையத்திலிருந்து ஜாலான் மாரோப் வழியாக மேடேறுகிற பேருந்தில் உட்கார்ந்து பார்த்தால், இது தோட்டமாக இருந்த இடம் என்பதற்கு ஓர் அடையாளமும் தென்படாது. ஜாலான் தெலாவியில் காப்பிக்கடைகள், ஞாயிறு மாலைகளில் இரவுச் சந்தை, சரிவெங்கும் மதில் உயர்ந்த பங்களாக்கள். ஊர்ப் பெயரில் மட்டும் பழைய முதலாளிகள் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். பெல்ஜியக்காரரான எட்வர்ட் புஞ்சே, அவருடைய கூட்டாளி கிரிசார் ஆகிய இருவரின் பெயரும் சேர்ந்து ‘புங்சார் எஸ்டேட்’ ஆகி, பிறகு பங்சார் ஆனதாகச் சொல்லப்படுகிறது. பால் மரம் நின்ற மேட்டைப் பின்னாளில் சொக்பின் நிறுவனம் வைத்திருந்தது. 1960களின் இறுதியிலிருந்து வீடமைப்புத் திட்டங்கள் தோட்டத்தை விழுங்கின. லயங்களில் இருந்தவர்கள் அடுக்குமாடி வீடுகளுக்கும் புறநகருக்கும் சிதறினார்கள்.

தோட்டத்துப் பள்ளிக்கூடம் சட்டத்தின் பெயரால் வந்தது. மலாய் ஐக்கிய மாநிலங்களின் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஒரே இனத்தைச் சேர்ந்த பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. ஏழு முதல் பதினான்கு வரை பள்ளி வயது. சட்டம் எண்ணிக்கையைச் சொன்னது, தரத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. பல தோட்டங்களில் தகரக் கொட்டகை ஒன்று, வாத்தியார் ஒருவர், நாலைந்து வகுப்பு. சில இடங்களில் கிராணியோ கங்காணியோ ஓய்ந்த நேரத்தில் வாத்தியார் வேலையையும் பார்த்தார். நான்காம் வகுப்போ ஆறாம் வகுப்போ முடிந்தால் அதற்கு மேல் தமிழில் படிக்க வழியில்லை. ஆங்கிலப் பள்ளி பட்டணத்தில் இருந்தது.

இந்தக் கொட்டகைக்கும் பெண்பிள்ளை ஒழுங்காக வந்ததில்லை. விடியுமுன் ஆள்கணக்கு எடுக்கும் பிரட்டுக்குப் போகிற தாய், கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விடுவாள். கொட்டகைக்குப் போக மறுக்கும் குழந்தையை மூத்த பெண்ணின் இடுப்பில் ஏற்றிவிடுவாள். ஒன்பது, பத்து வயதில் அந்தப் பெண் சோறு பொங்குவாள், தம்பியைக் குளிப்பாட்டுவாள், பால் பிடிக்கும் மங்கைத் துடைக்க மரவரிசையான நெரைக்கும் போவாள். வயதுக்கு வந்துவிட்டால் பள்ளிக்கு முழுக்கு. அவளுடைய உழைப்புக்கு விலையும் இருந்தது. 1920களின் இறுதியில் அரசு வகுத்த நியமக் கூலியின்படி ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு, சிறார்களுக்கு அதைவிடக் குறைவு. பிள்ளைக்கென்று தனிக் கூலி எழுதி வைத்த ஏற்பாட்டில் பள்ளிக்கூடக் கொட்டகை பேருக்கு நின்றதில் வியப்பில்லை.

இதே காலத்தில் மேட்டுக்குக் கீழே இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி, அதே நிறத்துச் சிறுமிகள் சிலர் வேறொரு பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அதைப் பார்க்கச் சரிவில் இறங்க வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸ் பெயருக்கேற்பச் செங்கல் சூளைகளின் ஊர். பிறகு ரயில்வேயின் ஊரானது. ரயில்வேக்கும் அரசு அலுவலகங்களுக்கும் எழுத்தர் வேலைக்கு ஆங்கிலம் படித்தவர்கள் தேவைப்பட்டபோது யாழ்ப்பாணத்திலிருந்து தமிழர்கள் வந்தார்கள். ஸ்காட் சாலையில் கந்தசுவாமி கோயில் அவர்கள் எழுப்பியது. இப்போது ஜாலான் துன் சம்பந்தன் என்று வழங்கும் பழைய பிரிக்பீல்ட்ஸ் சாலையில், 1904இல் விவேகானந்தர் ஆசிரமத்தை நிறுவியதிலும் அவர்களுக்கே முதன்மைப் பங்கு. அந்த வெண்ணிறக் கட்டடம் 2016இல் தேசிய மரபுடைமையாக அரசிதழில் ஏறியது. ஆசிரமத்தின் ஆதரவில் வளர்ந்த விவேகானந்தா, சரஸ்வதி தமிழ்ப்பள்ளிகள் இன்றும் நடக்கின்றன. இரண்டு தெரு தள்ளினால் மெதடிஸ்ட் மிஷன் பள்ளிகள். நகரத்துக்குள் 1899இல் தொடங்கிய புக்கிட் நானாஸ் கான்வென்ட்.

எழுத்தர் வீட்டுப் பெண் இந்த ஆங்கிலப் பள்ளிகளில் ஏதாவது ஒன்றில் சேர்ந்தாள். பியானோவும் தையலும் கேம்பிரிட்ஜ் தேர்வும் அவளுக்கு வாய்த்தன. தோட்டத்துப் பெண்ணுக்கு வாய்த்தது சிலேட்டும் இடுப்பில் தம்பியும். நிறம் ஒன்று, மொழி ஒன்று, கோயிலும் ஏறக்குறைய ஒன்று. வேறுபட்டது அப்பாவின் வேலைதான். ‘தோட்டத்து ஆள்’ என்ற சொல்லை இளக்காரமாக உச்சரித்தவர்களில் தமிழரும் இருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்த ஊரின் பள்ளி வரலாறு பாதிதான்.

இரண்டு வாசல்களிலிருந்தும் வந்த பெண்கள் ஒரே வரிசையில் நின்ற தருணம் ஒன்று உண்டு. 1943இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையை அமைத்தபோது, மலாயாவின் தோட்டங்களிலிருந்து வந்த பெண்களும் நகரத்து வசதியான குடும்பத்துப் பெண்களும் ஒன்றாகச் சேர்ந்தார்கள். கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி ஆதி நாகப்பன் படையில் தலைமைப் பொறுப்பு வகித்தார். 1927இல் பிறந்த ராசம்மா பூபாலன் பதினாறு வயதில் சேர்ந்தார். போர் முடிந்தபின் ராசம்மா ஆசிரியரானார். அன்று ஆசிரியைக்கு ஆசிரியரைவிடச் சம்பளம் குறைவு. அதை எதிர்த்து 1960இல் மகளிர் ஆசிரியர் சங்கத்தைத் தொடங்கித் தலைமையேற்றார். சமச் சம்பளம் அந்தப் பத்தாண்டிலேயே கைகூடியது. பின்னர் கோலாலம்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் முதல்வராக 1982 வரை இருந்தார். துப்பாக்கி தூக்கிய கை சாக்பீஸ் பிடித்ததை எல்லாரும் எழுதிவிட்டார்கள். கருத்த பெண்ணொருத்தி தலைமையாசிரியர் நாற்காலியில் அமர்ந்திருப்பதைத் தினந்தோறும் பார்த்த மாணவிகளுக்கு அது என்ன செய்திருக்கும் என்பதை யாரும் அதிகம் எழுதவில்லை.

விடுதலைக்குப் பிறகு வாசல் பிரச்சினை மொழிப் பிரச்சினையாக மாறியது. 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்ததாகக் கணக்கு. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போனதில் அவை ஐந்நூற்றிச் சொச்சமாகச் சுருங்கின. 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தொடக்கக் கல்வி அளவில் தமிழை வைத்துக்கொண்டு, இடைநிலைப்பள்ளியைத் தேசிய மொழிக்கு நகர்த்தியது. ஆங்கிலப் பள்ளிகளும் 1970 முதல் ஒவ்வொரு வகுப்பாக மலாய் வழிக்கு மாறின. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்து, மலாய் மொழித் தேர்வில் போதிய புள்ளி பெறாத பிள்ளை நேராகப் படிவம் ஒன்றுக்குப் போக முடியாமல் இருந்தது. ஓராண்டு புகுமுக வகுப்பில் உட்கார வேண்டியிருந்தது.

அந்த வகுப்பு பல பள்ளிகளில் கட்டடத்தின் கோடியில், கழிவறைக்கோ சிற்றுண்டிச்சாலைக்கோ பக்கத்தில் இருந்தது. வயதில் மூத்தவள், படிவத்தில் இளையவள், வகுப்பில் பெரும்பாலும் அவளைப் போன்ற முகங்கள். பதின்மூன்று வயதில் ஒரு சிறுமிக்கு வழங்கப்படும் முதல் அடையாளம் ‘பின்தங்கியவள்’ என்பதாக இருந்தது. ஆண்பிள்ளைகள் இந்த ஆண்டில் பள்ளியை விட்டு ஓடினார்கள் என்று ஆசிரியர்கள் சொல்வதுண்டு. பெண்பிள்ளை ஓடமாட்டாள். மெல்ல வராமல் போவாள். முதலில் திங்கட்கிழமை, பிறகு வாரத்தில் இரண்டு நாள், பிறகு தொழிற்சாலைப் பேருந்து.

பங்சார் தேசிய வகை தமிழ்ப்பள்ளி இன்றும் இருக்கிறது. காலை ஏழு மணிக்குத் தமிழ்ப்பள்ளி வாசல்களில் காணும் காட்சி கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதிலும் ஏறக்குறைய ஒன்றே. கருநீலப் பினஃபோர், வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்து இறுகப் பின்னிய இரட்டைச் சடை, மடித்துக் கட்டிய கருப்பு ரிப்பன். நெற்றியில் பொட்டு, அதற்கு மேல் திருநீறு. முகத்தில் பவுடர். இந்தப் பவுடரைச் சற்று நின்று பார்ப்பது தகும். வேனிலிருந்து இறக்கிவிடும் தாய் சேலைத் தலைப்பாலோ துவாலையாலோ பிள்ளையின் கன்னத்தை ஒருமுறை ஒற்றுகிறாள். கழுத்துக்கும் கன்னத்துக்கும் நடுவே வெள்ளைக் கோடு தெரியக்கூடாது என்பது கவலை. பவுடர் போடாவிட்டால் ‘எண்ணெய் வழிகிறது’ என்று பேச்சு. போட்டால் ‘ஹந்து’ என்று சிரிப்பு, அதாவது பேய். சிறுமி இரண்டையும் எட்டு வயதுக்குள் கேட்டுவிடுகிறாள்.

தமிழ்ப்பள்ளிக்குள் எல்லாரும் தமிழர் என்பதால் நிறப் பேச்சு இல்லை என்று எண்ணினால் தவறு. ‘அண்டங்காக்கா’, ‘கரிச்சட்டி’ எல்லாம் வீட்டிலிருந்து வந்து வகுப்புக்குள் ஏறிய சொற்கள். வெயிலில் ஓடாதே, கருத்துப்போனால் யார் கட்டிக்கொள்வார் என்ற பாட்டியின் புலம்பலுக்கும் பெண்கள் ஓட்டப்பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கத் தயங்குவதற்கும் தொடர்பு இருக்கிறது. ஆண்டு விழா நாடகத்தில் இளவரசி யார், அரக்கி யார் என்று ஆசிரியர் கண் தேடும்போதும் அதே கணக்கு. இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் சொற்கள் மொழி மாறுகின்றன. ‘ஹித்தாம்’ என்றால் கருப்பு. ‘அராங்’ என்றால் கரி. விளக்கை அணைத்தால் பல் மட்டும்தான் தெரியும் என்ற நகைச்சுவை எத்தனை தலைமுறை பழையது என்று சொல்ல முடியாது. ‘கெலிங்’ என்ற சொல் தனி வகை. கலிங்கத்திலிருந்து வந்த பழம்பெயர், பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலிலும் மலாக்காவின் தஞ்சோங் கெலிங்கிலும் மரியாதையாகவே நிற்கிறது. சிற்றுண்டிச்சாலை வரிசையில் முதுகுக்குப் பின்னால் கேட்கும்போது அதில் கலிங்கமும் இல்லை, மரியாதையும் இல்லை. புகார் சொன்னால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: ‘குராவ் சாஜா’, சும்மா விளையாட்டு. விளையாட்டென்று பேர் வைத்த எதுவும் கட்டொழுங்கு ஆசிரியரின் பதிவேட்டில் ஏறுவதில்லை.

பாடப்புத்தகமே இப்படி இழிவுபடுத்திய காலமும் உண்டு. அப்துல்லா ஹுசேன் எழுதி 1971இல் வெளிவந்த ‘இண்டர்லோக்’ மலாய் நாவல், 2011இல் ஐந்தாம் படிவ இலக்கியப் பாடமாக வந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கின் பள்ளிகளும் அதைப் படிக்க வேண்டிய வட்டாரத்தில் இருந்தன. தமிழகத்திலிருந்து மலாயாவுக்கு வந்தவர்களைப் பறையர் என்று குறித்த பகுதிகள் பெரும் எதிர்ப்பைக் கிளப்பின. முதலில் திருத்தப் பதிப்பு என்றார்கள். ஆண்டு முடிவில் புத்தகமே பாடத்திட்டத்திலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது. அரசியல்வாதிகள் பேசியது அன்றைய பத்திரிகைகளில் நிறைய இருக்கிறது. நாற்பது பேர் கொண்ட வகுப்பில் மூன்றோ நான்கோ தமிழ்ப் பெண்கள் உட்கார்ந்திருக்க, அந்தப் பக்கம் வாய்விட்டு வாசிக்கப்பட்ட பாடவேளை எந்த அறிக்கையிலும் இடம்பெறாது. ஆறாண்டு கழித்து, 2017 நோன்புப் பெருநாளை ஒட்டி வாட்சன்ஸ் மலேசியா வெளியிட்ட விளம்பரப் படத்தில் முகத்தில் கருப்பு பூசிய பெண்ணொருத்தி அழகற்றவளாக வந்து, அழகுப்பொருள் பூசி வெளுத்துப் போனாள். எதிர்ப்பு எழவே நிறுவனம் மன்னிப்புக் கேட்டுப் படத்தை எடுத்துவிட்டது.

உலகின் வேறு பகுதிகளில் இதே அனுபவம் எண்களாகப் பதிவாகியிருக்கிறது. அமெரிக்க அரசுப் பள்ளிகளில் 2011–12 கல்வியாண்டில் இடைநீக்கம் செய்யப்பட்டவர்கள் கருப்பினச் சிறுமிகளில் 12 விழுக்காடு, வெள்ளையினச் சிறுமிகளில் 2 விழுக்காடு. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் 2017இல் வெளியிட்ட ஆய்வு, ஐந்து வயதிலிருந்தே கருப்பினச் சிறுமிகளைப் பெரியவர்களைப்போல் கருதும் போக்கைக் காட்டியது. அவர்களுக்கு அரவணைப்பும் பாதுகாப்பும் அவ்வளவாகத் தேவையில்லை என்று வளர்ந்தவர்கள் நினைக்கிறார்களாம். தோட்டத்து லயத்தில் ‘நீதானே பெரியவ’ என்று சொல்லிக் குழந்தையை இடுப்பில் ஏற்றிவிட்டது நினைவுக்கு வருகிறது. தோட்டத்தில் அது வறுமை, அமெரிக்காவில் இனப்பார்வை என்று பிரித்துவிட முடியாது. இரண்டிலும் குழந்தைப் பருவம்தான் கழிந்து போகிறது. தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் 2016இல் கருப்பின மாணவிகள் தங்கள் இயல்பான முடியைப் பள்ளி விதி இழிவுபடுத்துவதாகப் போராடியபோது, மாநிலக் கல்வித்துறை அந்த விதியை நிறுத்திவைத்தது. அதே 2016இல் அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் கருப்பின மாணவி ஒருவர் ஈழத்தமிழ் வழிச் சகோதரிகள் இருவரைப் படம் பிடித்து, சிவப்பழகுக் களிம்பின் பெயரைப் பகடி செய்து வெளியிட்டது உலகெங்கும் பரவியது. ஒரே நிறத்தின் பேரில் இரண்டு சமூகமும் சந்தித்துக்கொண்ட அரிய இடம் அது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் அந்தச் சந்திப்பு அவ்வளவு இனிதாக நடக்கவில்லை. பிரிக்பீல்ட்சிலிருந்து கிள்ளான் ஆற்றைத் தாண்டினால் புக்கிட் பெட்டாலிங்கில் ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையத்தின் அலுவலகம். மலேசியா 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அகதிப் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் இடமில்லை. கடைவீட்டு மாடிகளில் நடக்கும் கற்றல் மையங்கள்தான் கதி. சோமாலியப் பிள்ளைகளுக்காக 2009இல் தொடங்கிய ஃபியூஜி பள்ளி அவற்றில் பெயர் பெற்றது. அதன் நிறுவனர்களில் ஒருவர், பின்னர் 2011இல் மிஸ் யூனிவர்ஸ் மலேசியா ஆன டெபோரா ஹென்றி. சோமாலியச் சிறுமி முஸ்லிம், தலையில் துடோங் அணிபவள், மலாயும் வேகமாகக் கற்றுக்கொள்பவள். இத்தனை இருந்தும் பேருந்தில் அவளுக்குக் கிடைக்கிற பெயர் ‘ஆவாங் ஹித்தாம்’. தமிழர் வாயிலும் ஆப்பிரிக்கரை இழித்துச் சுட்டும் ‘காப்பிரி’ என்ற பழஞ்சொல் சாகவில்லை. தன் பிள்ளையை ‘கெலிங்’ என்றார்கள் என்று கொதிக்கிற வீட்டிலேயே அது உருள்கிறது.

கே.எல். செண்ட்ரலில் ஏறினால் அப்துல்லா ஹுக்கும், பந்தாய் டாலாம், சுபாங் ஜெயா, ஷா ஆலாம் என்று ரயில் மேற்கே போகிறது. கிள்ளான் தோட்டங்களின் பழைய தலைநகர். 1941 ஏப்ரல், மே மாதங்களில் இந்த வட்டாரத் தோட்டங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. ஆர்.எச். நாதன் முன்னின்ற அந்தப் போராட்டத்தின் கோரிக்கைப் பட்டியல் கூலியோடு நிற்கவில்லை. துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றது. பெண்கள்மேல் கைவைப்பதை நிறுத்து என்றது. பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி வசதி வேண்டும் என்றது. நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். துருப்புகள் சுட்டதில் தொழிலாளர்கள் மாண்டார்கள். தாயின் மானத்தையும் மகளின் பள்ளியையும் அந்தக் கூலித் தொழிலாளர்கள் ஒரே தாளில் எழுதினார்கள்.

இன்றைய கிள்ளானில் நாட்டின் மிகப் பெரிய தமிழ்ப்பள்ளிகளில் ஒன்றான சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளி இருக்கிறது. அதன் பிள்ளைகள் தகரக் கொட்டகையைப் பார்த்ததில்லை. பெண்பிள்ளையைப் பாதியில் நிறுத்தும் வழக்கமும் பெருமளவு போய்விட்டது. இப்போது தடை வேறிடத்தில். பெற்றோரின் திருமணம் பதியப்படாததால் பிறப்புப் பத்திரத்தில் குடியுரிமை ஐயத்துக்குள்ளான பிள்ளைகள் உண்டு. அவர்களில் ஒருத்தி ஆறாம் வகுப்பு வரை எப்படியோ ஒட்டிக்கொண்டாலும் பன்னிரண்டு வயதில் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது மாட்டிக்கொள்வாள். தாள் உள்ளவளுக்கோ ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடிந்தபின் சிக்கல். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படிப்பின் இடங்களில் 90 விழுக்காடு மலாய்க்காரரும் பிற பூர்வகுடியினருமான பூமிபுத்ராக்களுக்கு. 2019இல் மொத்த இடங்களை 25,000இலிருந்து 40,000 ஆக உயர்த்தியபோதும் அந்த விகிதம் மாறவில்லை. ஒவ்வோர் ஆண்டும் முடிவுகள் வந்த கையோடு, நிறைய ‘ஏ’ எடுத்தும் இடம் கிடைக்காத தமிழ்ப் பெண்ணின் படம் தமிழ் நாளிதழ்களில் வரும். பெற்றோர் இரு பக்கமும் நிற்க, நடுவில் அவள் தேர்வுத் தாளைப் பிடித்திருப்பாள்.

வாய் திறந்தவர்களும் இல்லாமல் இல்லை. 2012 டிசம்பரில் வட மலேசியப் பல்கலைக்கழகக் கூட்டமொன்றில் சட்ட மாணவி கே.எஸ். பவானி எழுந்து, கல்வி ஏன் இலவசமாக இருக்கக்கூடாது என்று கேட்டார். மேடையிலிருந்தவர் அவர் முன்னாலிருந்த ஒலிவாங்கியை எடுத்துக்கொண்டு ‘கேள், கேள், கேள்’ என்று ஆங்கிலத்தில் அடுக்கினார். அடுத்த மாதம் அந்தக் காணொளி நாடு முழுவதும் ஓடியது. புக்கிட் நானாஸ் கான்வென்டில் 1975இல் தலைமை மாணவியாக இருந்த அம்பிகா சீனிவாசன் பின்னாளில் வழக்கறிஞர் மன்றத் தலைவராகி, தூய தேர்தல் கோரிய பெர்சே பேரணிகளை முன்னின்று நடத்தினார். எழுத்தர் வாசல், தோட்டத்து வாசல் என்ற பழைய பிரிவு இத்தகைய பெயர்களுக்குப் பின்னால் மங்கிக்கொண்டு வருகிறது.

2024 நடுவில் பிரதமர் அன்வார் இப்ராஹிம், எஸ்.பி.எம். தேர்வில் பத்தும் அதற்கு மேலும் ‘ஏ’ எடுத்தவர்களுக்கு இனம் பாராமல் மெட்ரிகுலேஷன் இடம் உண்டு என்று அறிவித்தார். ஒன்பது ‘ஏ’ எடுத்தவள் மேல்முறையீட்டுப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறாள்.